அறியாத நாளுக்கு ஆயத்தம்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் வந்துவிட்டால் நம் ஆலயங்களில் ஒரு மனிதர் தவறாமல் வந்து நிற்கிறார். ஒட்டக மயிராடை, இடையில் தோற்கச்சை, உணவாக வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும். ஆண்டுதோறும் கண்டு பழகிவிட்டதால், குடிலுக்குப் போகும் சாலையில் நட்டு வைத்த கைகாட்டி மரத்தைப் போல அவரைக் கடந்து போகிறோம். நம் பாட்டன்மார் அவரை ஸ்நாபக அருளப்பர் என்றனர். நாம் திருமுழுக்கு யோவான் என்கிறோம். பெயர்தான் மாறியிருக்கிறது; அவசரமாகக் கடந்து போகும் வழக்கம் மாறவில்லை.

அவர் பெத்லகேமுக்கு மட்டும் வழிகாட்டுபவரல்லர் என்பதைத் திருவழிபாட்டு நாள்காட்டியே உணர்த்துகின்றது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 16 முடிய உள்ள நாள்களில் திருச்சபையின் மன்றாட்டுகள் ஆண்டவருடைய மாட்சிமிகு இரண்டாம் வருகையையே சிறப்பாக நோக்குகின்றன. 17 முதல் 24 வரையிலான நாள்களில்தான் அவை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் திரும்புகின்றன. ஆகவே, முன்னோடி நம் முன் நிறுத்தப்படும்போது, இனி வரவிருப்பவருக்கான முன்னோடியாகவும் அவர் நிறுத்தப்படுகிறார்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. வரும் நாளும் வேளையும் தெரியாத ஒருவருக்காக ஆயத்தமாக இருப்பது என்றால் என்ன? அது ஒரு வகை அறிவா? இறைவாக்குகளை அதிகமாக ஆராய்ந்தவர், அடையாளங்களைச் சரியாகக் கணித்தவர், மற்றவரைவிட ஆயத்தமானவரா? பேருந்து நிலையங்களில் நம் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் அப்படித்தான் எண்ணுகின்றன. பக்தியுள்ள நம் மக்களிலும் பலர் உள்ளூர அப்படித்தான் நம்புகின்றனர். நாமும் ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அது 1999-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். குருப்பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், ஒரு பெரிய பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகம் மூன்று நாள்கள் இருண்டுவிடும் என்றும், மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும் என்றும் ஒரு செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் திரிக்கட்டுகளுடன் வரிசை நின்றது. அந்த வரிசையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு மஞ்சள் பையுடன் வந்தார். பையில் பன்னிரண்டு திரிகள்.

"மூன்று நாளைக்கு, நாலு பேருக்கு, இது போதுமா சாமி?" என்று கேட்டார்.

குருமடத்தில் நிறைவுகால இயலைப் படித்துத் தேறி வந்த புதிது அல்லவா? கோவில் வாசலிலேயே அவருக்கு ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினோம். மூன்று நாள் இருள் என்பது திருச்சபையின் போதனையன்று, அந்த நாளைத் தந்தை ஒருவரே அறிவார் என்று ஆண்டவரே கூறியிருக்கிறார் என்றெல்லாம் எடுத்துரைத்தோம். ஆசிரியரானதால் ஒரு மாணவனின் ஒப்புவித்தலைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இருந்தாலும் கையில் இருக்கட்டும் சாமி" என்றார். தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தோம்.

அவர் சொன்ன கணக்கில் ஒரு குறை இருந்தது. அதை நாம் அறிந்திருந்தோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று இது. ஊரே அறிந்த செய்தி. அவருடைய மகன் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். வேறு சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணை அதே ஆலயத்தில், அதே பீடத்தின் முன் மணந்திருந்தான். அவளும் திருமுழுக்குப் பெற்றவள்தான். அந்த நாள் முதல் தந்தை மகனிடம் பேசியதில்லை. பேரக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் இல்லை. நாலு பேர் என்று அவர் எண்ணியபோது விடுபட்டவர்கள் மூவர். அதை அறிந்திருந்தும் நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உலக முடிவைப் பற்றி அவரிடம் கால் மணி நேரம் பேசினோம்; மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவரின் மனம் புண்படுமே என்று அஞ்சினோம் என்று அப்போது நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முன்னோடியைப் பற்றிய இறைவாக்கு எதைப் பேசுகின்றது என்பதைப் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் வாசித்தபோதுதான் அந்தக் காலை வேளையின் கனம் நமக்குப் புரிந்தது.

மலாக்கி என்ற சொல்லுக்கு 'என் தூதர்' என்பது பொருள். கி.மு. 515-இல் எருசலேம் கோவில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டு, ஓரிரு தலைமுறைகள் கடந்துவிட்ட காலத்து நூல் அது. எதிர்பார்த்த மாட்சி வரவில்லை. மக்கள் சலித்துப் போயிருந்தனர். குருக்கள் ஊனமுற்ற விலங்குகளைப் பலியிட்டனர். கூலியாளின் கூலியில் வஞ்சகம் நடந்தது. இளமையில் கைப்பிடித்த மனைவியரைக் கைவிடுவது சாதாரணமாயிற்று. இத்தனையும் செய்துகொண்டே, நீதியின் கடவுள் எங்கே என்றும் அவர்கள் கேட்டனர். இறைவாக்கினர் தரும் விடை அச்சமூட்டுவது. ஒரு தூதர் முன்னே வந்து வழியைச் செப்பனிடுவார். அதன்பின் நீங்கள் தேடும் ஆண்டவர் திடீரெனத் தம் கோவிலுக்குள் நுழைவார். அவர் வெள்ளியைப் புடமிடும் நெருப்பைப் போன்றவர். அந்த நாளில் யார் தாங்கி நிற்பார்? வருகையைக் கேட்டவர்களுக்கு வருகையே தீர்ப்பாகும் என்கிறார் அவர்.

நூலின் கடைசி வரிகளில் அந்தத் தூதருக்குப் பெயரும் பணியும் தரப்படுகின்றன. பெயர் எலியா. பணி என்ன? எலியா என்றதும் கர்மேல் மலையில் இறங்கிய நெருப்பும், அரசனையே எதிர்த்து நின்ற துணிவும் நம் நினைவுக்கு வரும். ஆண்டவரின் பெருநாளுக்கு முன் அவர் திரும்பி வந்தால் பகைவரை எரிப்பார், கோவிலைத் தூய்மைப்படுத்துவார், நாளைக் குறித்துச் சொல்வார் என்றே எதிர்பார்ப்போம். மலாக்கி இவற்றில் ஒன்றையும் கூறவில்லை. தந்தையரின் உள்ளத்தைப் பிள்ளைகள்பாலும், பிள்ளைகளின் உள்ளத்தைத் தந்தையர்பாலும் அவர் திருப்புவார் என்கிறார். அவ்வளவுதான். அது நிகழாவிட்டால் நாடு சாபத்துக்கு உள்ளாகும் என்ற எச்சரிக்கையோடு நூல் முடிகின்றது. யூதத் தொழுகைக் கூடங்களில் இப்பகுதியை வாசிப்போர் சாபச் சொல்லோடு நிறுத்துவதில்லை. எலியாவை அனுப்பும் வாக்குறுதியை மறுபடியும் ஒருமுறை வாசித்தே முடிப்பார்கள். நல்ல வழக்கம் அது.

நம் திருவிவிலியத்தில் மலாக்கி நூல் பழைய ஏற்பாட்டின் இறுதியில் அமைந்திருக்கிறது. எபிரேயத் திருநூலின் வரிசை வேறு. நம் வரிசைப்படி, தந்தையும் பிள்ளையும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புதல் என்ற அந்த வரியைத் தாண்டித்தான் மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்துக்கு வருகிறோம். இறைவன் மனிதரிடம் வருவதற்கு முன் செப்பனிடப்பட வேண்டிய சாலை ஒரு வீட்டின் கூடத்துக்கும் இன்னொரு வீட்டின் திண்ணைக்கும் இடையே கிடக்கின்றது என்பதே அதன் பொருள் என நாம் கருதுகிறோம். மலாக்கி தந்தையரை முதலில் வைக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் வந்து காலில் விழட்டும் என்று அவர் கூறவில்லை.

லூக்கா இந்த வரியை மறக்கவில்லை. கோவிலில் தூபம் காட்டிக்கொண்டிருந்த முதியவர் செக்கரியாவிடம் வானதூதர் கபிரியேல் பேசும்போது, பிறக்கப்போகும் குழந்தை எலியாவின் ஆவியோடும் வல்லமையோடும் முன்செல்வான் என்கிறார். தந்தையரின் உள்ளம் பிள்ளைகள்பால் திரும்பும் என்னும் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் பாதியில் மட்டும் பிள்ளைகளின் இடத்தில் கீழ்ப்படியாதவர்களையும், தந்தையரின் இடத்தில் நேர்மையாளரின் ஞானத்தையும் வைக்கிறார். இதைக் கேட்ட செக்கரியா நம்பவில்லை, பேச்சிழந்தார். குழந்தை பிறந்து எட்டாம் நாள், உறவினர் எல்லாரும் தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைக்க வேண்டுமென்று நின்றனர். குலப்பெயர் தொடர வேண்டுமென்ற ஆசை எந்த நாட்டு உறவினருக்கும் பொதுவானதுதான் போலும். செக்கரியா எழுதுபலகை கேட்டு, குழந்தையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். தம் பெயரைப் பிள்ளையின்மேல் சுமத்தாமல் விட்டுக்கொடுத்த அந்தக் கணமே அவர் நாவு கட்டவிழ்கின்றது. முன்னோடியின் பணியால் உள்ளம் திரும்பிய முதல் தந்தை முன்னோடியின் தந்தையே என்று சொன்னால் மிகையாகாது.

எசாயாவின் இறைவாக்கு மற்றொன்று. பாபிலோனில் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. பாலைநிலத்தில் ஆண்டவருக்கு நெடுஞ்சாலை அமைக்கச் சொல்வது. பாபிலோனில் தெய்வச் சிலைகளைச் சுமந்து செல்லும் பெரிய பவனிச் சாலை இருந்தது. அதைக் கண்டு ஏங்கிய மக்களுக்கு, உங்கள் கடவுளுக்கும் சாலை உண்டு, அது உங்கள் ஊருக்குத் திரும்பும் வழி என்று கூறுவது போல அமைந்த வாக்கு அது. எபிரேயத்தில் 'பாலைநிலத்தில்' என்ற சொல் சாலையோடு சேருகின்றது. நற்செய்தியாளர்கள் எடுத்தாளும் கிரேக்க வடிவத்தில் அது குரலோடு சேருகின்றது. மாற்கு இந்த வாக்கோடு மலாக்கியின் வாக்கையும் இணைத்து, இரண்டையும் எசாயாவின் பெயரிலேயே தருகிறார்.

இதே எசாயா வாக்கை இன்னொரு குழுவினரும் தம்முடையதாக்கிக் கொண்டிருந்தனர். சாக்கடலின் மேற்குக் கரையில், கும்ரான் குகைகளில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுவடிகளில் அவர்களுடைய குழும ஒழுங்கு நூலும் ஒன்று. பாலைநிலத்தில் வழியை ஆயத்தம் செய்வது என்றால், பொல்லாதவரை விட்டுப் பிரிந்து போய்த் திருச்சட்டத்தை ஆழ்ந்து கற்பதே என அந்நூல் விளக்கம் தருகின்றது. இழிவாக நினைக்கத் தக்க விளக்கமன்று அது. அவர்கள் கடுந்தவம் புரிந்தவர்கள். யோவானும் அவர்களோடு வாழ்ந்திருக்கலாம் எனச் சில அறிஞர்கள் ஊகித்ததுண்டு, அதற்குச் சான்றில்லை. அவர் போதித்த யோர்தான் கரையோ கும்ரானிலிருந்து வெகுதொலைவில் இல்லை. ஆனால் அவர் நின்ற இடம் மக்கள் வந்து போகும் ஆற்றங்கரை. வரிதண்டுவோர் வந்தனர், படைவீரர் வந்தனர், குழந்தை குட்டிகளோடு ஊரார் வந்தனர். ஒரே வாக்கு ஒரு சாராரைக் கதவை அடைத்துக்கொள்ளச் செய்தது. இவரைத் திறந்த வெளியில் நிறுத்தியது.

வந்தவர்கள் கேட்ட கேள்வி நாம் இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? யோவான் தந்த விடைகளை லூக்கா மட்டுமே பதிவு செய்கிறார். தீர்ப்பின் கோடரி மரத்தின் வேரருகே வைக்கப்பட்டாயிற்று என்று முழங்கிய அதே வாய் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும். வரிதண்டுபவர் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கட்டும். படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்காமலும் பொய்க் குற்றம் சாட்டாமலும் தம் ஊதியத்தோடு நிறைவு கொள்ளட்டும். யாரையும் அவர் பாலைநிலத்தில் தங்கச் சொல்லவில்லை. வெட்டுக்கிளி உண்ணச் சொல்லவில்லை. சுங்கச் சாவடியையோ படையையோ விட்டு விலகச் சொல்லவுமில்லை. நாளையும் வேளையையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதன்முறை கருத்தூன்றி வாசிப்பவருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும். உலகமே புரளப்போகிறது என்று அறிவித்துவிட்டு, கணக்கை நேர்மையாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்புவதா?

ஆம். நாளைக் கணித்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் அவருடைய விடையின் பெருமை விளங்கும். ஆண்டவரின் நாள் வந்துவிட்டதென்று கலங்கிய தெசலோனிக்க சபையில் சிலர் வேலை செய்வதையே விட்டுவிட்டு, பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தனர். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் கூடாதென்று இரண்டாம் திருமுகம் கண்டிக்க வேண்டியதாயிற்று. உலக முடிவுக்கும் அந்திக்கிறிஸ்துவின் வருகைக்கும் நாள் குறித்துப் போதிப்பதை 1516-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் மறையுரையாளர்களுக்குத் தடை செய்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஆம் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அவர்களுள் சிலர் விளைந்த பயிரை நிலத்திலேயே விட்டுவிட்டனர். மறுநாள் பொழுது வழக்கம்போல் விடிந்தது. தென்கொரியாவில் ஒரு சபையார் 1992 அக்டோபர் 28 இரவில் தாங்கள் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம் என நம்பினர். அந்தச் சபையின் தலைவர் 1993-இல் முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டு வைத்திருந்தது பின்னர் வழக்கு மன்றத்தில் வெளிப்பட்டது. நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலையை விட்டு, சேமிப்பைக் கொடுத்து, அந்த இரவில் கண் விழித்திருந்தவர்களை நினைத்தால் நகைப்பு வருவதில்லை.

ஆனால் கணிப்பு பொய்த்தது என்பதல்ல இதிலுள்ள முதன்மையான குறை. மெய்யாகவே நாள் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் ஆயத்தமாவோமா? ஆயர் மேய்ப்புப் பணி வருகைக்கு வருகிறார் என்று கடிதம் வந்ததும் நம் பங்குகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. சுவருக்கு வெள்ளையடிப்போம், ஆண்டுக் கணக்காகத் திறக்காத அலமாரிகளைத் திறப்போம், பதிவேடுகளில் விட்டுப்போன கையொப்பங்களை ஒரே இரவில் இட்டு முடிப்போம். அமைச்சர் வரும் சாலையில் மட்டும் குழிகள் மூடப்படுவதைப் பற்றி மேடையில் குறைகூறும் நாமே இதைச் செய்கிறோம். நாள் தெரிந்த ஆயத்தம் ஒரு வேடமாகிவிடுகின்றது. அதில் வருபவர்மீது அன்பில்லை. அகப்பட்டுக்கொள்ளக் கூடாதே என்ற கவலையே மிஞ்சுகின்றது. நாள் மறைக்கப்பட்டிருப்பது நம்மைச் சோதிக்கும் சூழ்ச்சியன்று. நம் நன்மை நன்மையாகவே இருப்பதற்கு இறைவன் நமக்கு விட்டுவைத்திருக்கும் இடம் அது.

இதற்கு மறுப்பாகச் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: அப்படியானால் இரண்டாம் வருகை என்ற நம்பிக்கை எதற்கு? நல்லவராக வாழ்ந்தால் போதாதா? நேர்மையான கேள்வி இது; விரைந்து விடையளித்துத் தள்ளிவிடத் தக்கதன்று. வருபவர் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், நாம் ஒதுக்கி வைத்த மனிதரைப் பற்றிய கணக்கு நம்மோடு முடிந்துவிடும். நாம் அடைத்த கோப்பு அடைத்தபடியே கிடக்கும். வருபவர் உண்டு என்றால் எதுவும் அடைக்கப்பட்ட கோப்பன்று. எழுதுபவனின் கையைப் பிடித்து நிறுத்தும் வேறொரு கை இருக்கிறது. புதிய மண்ணகத்தின் எதிர்பார்ப்பு இந்த மண்ணைப் பேணும் அக்கறையைத் தளர்த்தக் கூடாது, மாறாகத் தூண்ட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டில் கற்பித்ததும் இதையொட்டியே.

இனி யோவானின் வாழ்வில் நம்மை மிகவும் தடுமாறச் செய்யும் பகுதிக்கு வருவோம். வருபவரை அறிவிக்கவே பிறந்தவர் அவர். தாயின் வயிற்றிலேயே துள்ளியவர். அத்தகையவர், நான்காம் நற்செய்தியில், வருபவரைத் தாம் அறியாதிருந்ததாக இருமுறை கூறுகிறார். நீர் எலியாவா என்று எருசலேமிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது இல்லை என்று மறுக்கிறார். இயேசுவோ, வரவேண்டிய எலியா அவரே என்கிறார். இந்த முரண்பாடு பழைய மறையுரையாளர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆளால் எலியா அல்லர், ஆவியால் எலியா என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் தெளிவுபடுத்தினார். விளக்கம் சரியே. ஆயினும் அந்த மறுப்பில் இன்னொன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இறைவாக்கைத் தம் வாழ்வால் நிறைவேற்றிக்கொண்டிருந்தவர், தாம் அதை நிறைவேற்றுவதை அறியாமலே நிறைவேற்றினார். தம்மை யாரென்று வரையறுத்துக்கொள்ளும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

பிறகு சிறை. சாக்கடலுக்குக் கிழக்கே, மலைமேல் இருந்த மக்கேரு கோட்டையில் ஏரோது அந்திப்பா அவரை அடைத்து வைத்துக் கொன்றான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். அங்கிருந்து தம் சீடரை அனுப்பி யோவான் கேட்கிறார்: வரவிருப்பவர் நீர்தாமா, வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா? சீடர்களின் பொருட்டே அவர் கேட்டார், அவருக்கு ஐயமில்லை என்று திருச்சபைத் தந்தையர் பலர் பொருள் உரைத்தனர். குருமடத்தில் நாமும் அப்படியே படித்தோம். வயது ஏற ஏற, அவர் மெய்யாகவே கேட்டார் என்று நம்புவதற்கே மனம் விழைகின்றது. பதரைச் சுட்டெரிக்கும் நெருப்போடு ஒருவர் வருவார் என்று அவர் அறிவித்திருந்தார். வந்தவரோ வரிதண்டுவோரோடு உணவருந்திக்கொண்டிருந்தார். கோடரி எங்கே? நெருப்பு எங்கே? அறிவித்தவர் சிறையில், ஏரோது விருந்தில்.

இயேசு தந்த விடையில் ஆம் என்ற சொல் இல்லை. பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், ஏழைகள் நற்செய்தி கேட்கின்றனர். கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள். என்னைப் பற்றித் தயக்கம் கொள்ளாதவர் பேறுபெற்றவர். இதைக் கேட்டு யோவான் என்ன சொன்னார் என்பதை நற்செய்தி நமக்குக் கூறவில்லை. தாம் எதிர்பார்த்த வடிவில் மெசியா வரவில்லை என்பதை அந்த இருளறையில் அவர் ஏற்க வேண்டியிருந்தது. ஆயத்தத்தின் கடைசிப் பாடம், முன்னோடிக்கே கடினமாக இருந்த பாடம், இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மத்தேயு தரும் இறுதித் தீர்ப்பின் காட்சியில் இதே பாடம் வேறு விதமாக வருகின்றது. வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர்: ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்? இரு சாராரும் அவரை அடையாளம் காணவில்லை. அடையாளம் கண்டவர் காப்பாற்றப்பட்டார், காணாதவர் கெட்டார் என்று ஆண்டவர் கூறியிருந்தால் நம் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் நியாயமாகிவிடும். அங்கே கேட்கப்படுவது உணவும் நீரும் உடையும், நோயுற்றவரையும் சிறையிலிருப்பவரையும் பார்க்கப் போன கால்களும்தாம்.

யூத மரபில் எலியாவை இன்றும் எதிர்பார்க்கின்றனர். பாஸ்கா இரவு உணவில் அவருக்கென ஒரு கிண்ணம் நிரப்பி வைத்துக் கதவைத் திறப்பார்கள். ஆண் குழந்தையின் விருத்தசேதனச் சடங்கில் அவருக்கென ஒரு நாற்காலி போடுவார்கள். தந்தையையும் பிள்ளையையும் சேர்த்து வைப்பவருக்கு, ஒரு தந்தை தம் பிள்ளையைக் கையில் ஏந்தும் வேளையில் இருக்கை தருவது எவ்வளவு பொருத்தம்! பாபிலோனியத் தால்முதில் ஒரு கதை உண்டு. மூன்றாம் நூற்றாண்டு ரபி யோசுவா பென் லேவி எலியாவைச் சந்தித்து, மெசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். அவரையே போய்க் கேள், உரோமை நகர வாயிலில் நோயுற்ற ஏழைகளின் நடுவே அமர்ந்திருக்கிறார் என்கிறார் எலியா. மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகள் எல்லாவற்றையும் ஒருசேர அவிழ்த்துக் கட்டுகின்றனர். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கட்டுகிறார். அழைப்பு வந்தால் தாமதமின்றி எழ வேண்டுமல்லவா? நம் நம்பிக்கையின்படி மெசியா வந்துவிட்டார். இருந்தும் இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வெட்கம் வருவதுண்டு. காத்திருப்பவர் நாம் மட்டுமென்று நினைத்திருந்தோமே, நமக்காக அவரும் ஆயத்தமாக அமர்ந்திருக்கிறாரே.

அந்த ஆசிரியர் 2006-இல் இறந்தார். அதற்குள் நாம் வேறு பங்குக்கு மாற்றப்பட்டிருந்தோம், அடக்கத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. "அன்றைக்கு நீங்கள் மந்திரித்துக் கொடுத்ததுதான் சாமி, பத்திரமாக வைத்திருந்தார்" என்று அவர் மனைவி சொன்னார். மகன் தெருவாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை. தாய் எழுந்து போய்ப் பேரனின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பத்து வயதிருக்கும். பெட்டியருகே நின்று முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்கதான் தாத்தாவா?" என்று மெல்லக் கேட்டான்.

அடக்கச் சடங்குக்காக நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த மறையுரை உயிர்ப்பைப் பற்றியது. அதைச் சொன்னோம். என்ன சொன்னோம் என்பது இப்போது நினைவில் இல்லை.

ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா நாளான பிப்ரவரி 2 அன்று இப்போதும் மக்கள் மெழுகுதிரிக் கட்டுகளோடு வருகின்றனர். வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறோம். வழக்கமான விசாரிப்பு என்று எண்ணி, விரல்களை மடக்கிப் பெயர் சொல்லிச் சொல்லி எண்ணுகின்றனர். சிலர் பாதியில் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கின்றனர். நாமும் அவசரப்படாமல் நிற்கிறோம்.